கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய குளம்!

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழந்தைக்கு வயல் தெரியும். வாய்க்கால் தெரியும். மதகு தெரியும். களத்து மேடு தெரியும். மலை மட்டும் தெரியாது!

அது குழந்தையின் குற்றம் அல்ல. காவிரி ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டல் மண்தான் இந்தப் பூமி. பாய் விரித்தது போல் தரை சமமாக இருக்கும். கிணறு தோண்டினால் களிமண் வரும், மணல் வரும், பாறை வராது. வீட்டில் கிடக்கிற அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வெளியூரிலிருந்து வண்டி ஏறி வந்தவைதான்.

அப்படிப்பட்ட சீமையில் பெரிய கோயில் நிற்கிறது! ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோயில். அதன் விமானம் அடி முதல் முடி வரை கருங்கல்.

"இவ்வளவு கல்லும் எங்கிருந்து வந்தது?"

கோயிலுக்கு அழைத்துப் போனால், ஐந்து வயதுக் குழந்தையும் இதைக் கேட்கும். பெரியவர்கள் பலருக்குப் பதில் தெரியாது. "அந்தக் காலத்து ராஜா கொண்டுவந்தார்" என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தென்மேற்கே, புதுக்கோட்டைச் சீமையில், மொட்டைப் பாறை மலைகள் இருக்கின்றன. பெரிய கோயிலின் கல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நார்த்தாமலை என்னும் ஊரின் பெயரை அவர்கள் குறிப்பாகச் சொல்கிறார்கள்.

நார்த்தாமலை பழைய ஊர். அதற்கு அருகில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்கே ஓவியம் தீட்டிய குகைக் கோயில் ஒன்று இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை சுமார் 57 கிலோ மீட்டர். அங்கிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோ மீட்டர். காலையில் கிளம்பினால் இரண்டு ஊரையும் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

குழந்தைகளை அங்கே அழைத்துப் போக வேண்டும். அது பெற்றோரின் கடமை.

அழைத்துப் போகுமுன், அவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது அதைவிடப் பெரிய கடமை!

என்ன பாடம்?

கண்ணால் பார், கையால் தொடாதே!

கூரையில் ஒரு குளம்

சித்தன்னவாசல் மலையின் மேற்குச் சரிவில், பாறையைக் குடைந்து ஒரு சிறு கோயில் செய்திருக்கிறார்கள். அறிவர் கோயில் என்பது அதன் பெயர். சமண சமயத்தைச் சேர்ந்த கோயில் இது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது அந்தச் சமயத்தின் முதல் பாடம்.

கோயில் மிகச் சிறியது. முன்னால் ஒரு மண்டபம். அதன் நீளம் சுமார் 22 அடி. அகலம் ஏழரை அடி. அதற்கு உள்ளே சதுரமான ஓர் அறை. அவ்வளவுதான்! கிராமத்து வீட்டுத் திண்ணையைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லலாம்.

அந்தச் சிறிய மண்டபத்தின் கூரையில் ஒரு குளம் இருக்கிறது.

தண்ணீர்க் குளம் அல்ல, வண்ணக் குளம்! சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம்.

குளம் நிறையத் தாமரை. மொட்டு இருக்கிறது; மலர் இருக்கிறது; இலை இருக்கிறது. நடுவே மீன்கள் நீந்துகின்றன. யானைகள் இறங்கியிருக்கின்றன. எருமைகள் கிடக்கின்றன. பறவைகள் இருக்கின்றன. மூன்று பேர் குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள்.

சமணர்களின் நூல்களில் இதற்குப் பெரிய விளக்கம் உண்டு. தீர்த்தங்கரரின் அறவுரையைக் கேட்கப் போகும் நல்லவர்கள், வழியில் உள்ள தாமரைக் குளத்தில் மலர் பறித்து மகிழ்கிறார்கள் என்பது அந்த விளக்கம்.

ஆனால், காவிரிக் கரைக் குழந்தைக்கு விளக்கம் எதற்கு? தாமரைக் குளம் அதற்குத் தெரியும். எருமை தண்ணீரில் எப்படிக் கிடக்கும் என்பது தெரியும். பூப் பறிக்க இறங்குகிறவர் எப்படி நிற்பார் என்பதும் தெரியும். பட்டணத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். வயல்காட்டுப் பிள்ளை தானே விரலை நீட்டி, "அதோ எருமை! அதோ மீன்!" என்று சொல்லிவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓவியனும் இந்தக் குழந்தையும் ஒரே குளத்தைப் பார்த்தவர்கள். சரித்திரப் பாடம் இதைவிட எளிதாக எங்கே கிடைக்கும்?

தூண்களையும் பார்க்க வேண்டும். இரண்டு தூண்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு தூணில் அரசன் ஒருவனும் அரசியும் தெரிகிறார்கள். உள் அறையில் மூன்று சிலைகள் அமர்ந்திருக்கின்றன.

அந்த உள் அறையில் இன்னொரு வேடிக்கை உண்டு. எல்லோரும் பேசாமல் நின்று, ஒருவர் மட்டும் மெல்லிய குரலில் "ம்ம்ம்" என்று ஒலி எழுப்பினால், அறை முழுவதும் அந்த ஒலி நிறைந்து அதிரும். குழந்தைகள் வியந்து போவார்கள். ஆனால், எல்லோரும் சேர்ந்து கத்தினால் ஒன்றும் கேட்காது. அமைதியாக இருப்பவருக்குத்தான் அந்தப் பாறை பாடும்!

தலையணையும் எழுத்தும்

அதே மலையின் மேல் இன்னொரு குகை இருக்கிறது. ஏழடிப்பட்டம் என்று பெயர். அங்கே போகும் வழியில், பாறையில் ஏழு படி வெட்டியிருக்கிறார்கள். அதனால் வந்த பெயர் அது.

இந்தக் குகையை யாரும் குடையவில்லை. இயற்கையாகப் பாறை கவிந்து உண்டான நிழல் இது. உள்ளே 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் இடத்தைத் தலையணை போல் உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். சமணத் துறவிகள் இங்கே தங்கித் தவம் செய்தார்கள்.

மெத்தை இல்லாமல் தூங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கல் தலையணையைக் காட்டலாம்!

இங்குள்ள ஒரு படுக்கையில் எழுத்து வெட்டியிருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு, சிறுபோசில் இளையர் இந்த இடத்தைச் செய்து கொடுத்தார்கள் என்பது அதன் கருத்து.

அந்த எழுத்து இன்றைய எழுத்தைப் போல் இருக்காது. கோடும் புள்ளியுமாக இருக்கும். ஆனால், அதுவும் தமிழ்தான்! "பிறந்த" என்று இன்றைக்கும் சொல்கிறோம். அன்றைக்கும் அதே சொல்தான்.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, அந்தக் கல் முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அண்மையில் படிக்கக் கற்ற தாயும் நிற்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இருக்கும் தமிழ் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஏழடிப்பட்டத்துக்குப் போகும் வழி உயரமானது, குறுகலானது. மிகச் சிறிய குழந்தைகளை அங்கே ஏற்ற வேண்டாம். அவர்களுக்குக் கீழே உள்ள ஓவியக் குகையே போதும்.

மழை இடித்த கோயில்

சித்தன்னவாசலைப் பார்த்த பிறகு நார்த்தாமலைக்குப் போகலாம். இந்த ஊரைச் சுற்றி ஒன்பது குன்றுகள் இருக்கின்றன. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது, உதிர்ந்து விழுந்த துண்டுகள்தான் இவை என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். குழந்தைகளுக்கு இது ஒன்றே போதும், மலை ஏறக் கால் துடிக்கும்!

சோழர் காலத்தில் இது ஒரு வணிக ஊர். நானாதேசத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெரிய வணிகர் கூட்டத்துக்கு இங்கே செல்வாக்கு இருந்தது. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு.

ஊருக்கு மேற்கே மேலமலை. அதன் மேல் மேற்குப் பார்த்து நிற்கிறது விஜயாலய சோழீசுவரம். தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சுமார் 150 ஆண்டு மூத்த கோயில்! வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சிறு சிறு கோயில்கள். பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய பிள்ளை, "இது அதன் தாத்தாவா?" என்று கேட்டாலும் தவறில்லை.

எதிரே உள்ள பாறையில் இரண்டு குகைக் கோயில்கள். ஒன்றில், ஏறக்குறைய ஆள் உயரத்தில், ஒரே சாயலில் 12 திருமால் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணச் சொன்னால் பிள்ளைகள் ஆசையோடு எண்ணுவார்கள்.

மற்றொன்று பழியிலீசுவரம். சாத்தன் பழியிலி என்பவன் குடைந்தது. அவன் முத்தரையர் குலத்தைச் சேர்ந்தவன். அவன் மகள் சிறிய நங்கை, தந்தை செய்த கோயிலுக்கு முன்மண்டபம் எடுத்தாள், நந்தியும் வைத்தாள். அப்பா தொடங்கியதை மகள் வளர்த்தாள் என்று கல்வெட்டே சொல்கிறது.

மேலமலைக் கோயிலின் கதை இன்னும் சுவையானது. அந்தக் கோயிலை முதலில் கட்டியவன் சாத்தன் பூதி என்பவன். பிறகு மழை அதை இடித்துவிட்டது. மல்லன் விடுமன் என்பவன் அதைத் திரும்ப எடுத்துக் கட்டினான். இதுவும் கல்வெட்டில் இருக்கிறது.

இந்தப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். சாத்தன் பூதி பேரரசன் அல்ல. மல்லன் விடுமனும் பேரரசன் அல்ல. ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் பெயர் கல்லில் நிற்கிறது.

ஏன்?

ஒருவன் கட்டினான், மற்றவன் காத்தான். அதனால் நிற்கிறது!

கீறியவன் பெயர்

கல்லில் பெயர் பொறிக்க வேறொரு வழியும் இருக்கிறது. ஆணியும் கரித்துண்டும் போதும். பழைய மண்டபம், கோட்டைச் சுவர், குகை எங்கே போனாலும் அதைப் பார்க்கலாம். அம்பு பாய்ந்த இதயம்! அதற்குள் இரண்டு பெயர்! கீழே ஒரு தேதி!

இந்த நோய் புதியது அல்ல. படித்தவர்களுக்கு வராது என்பதும் இல்லை. 1819-ஆம் ஆண்டில் ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி வேட்டைக்குப் போனார். போன இடத்தில் அஜந்தாக் குகைகளைக் கண்டார். உலகம் வியக்கும் ஓவியம் கண் முன்னால் இருந்தது. அவர் என்ன செய்தார்? தன் பெயரையும் தேதியையும் சுவர் ஓவியத்தின் மேலேயே கீறி வைத்தார்! 200 ஆண்டு ஆகியும் அந்தக் கீறல் அழியவில்லை.

மல்லன் விடுமன் பெயரும் நிற்கிறது. ஜான் ஸ்மித் பெயரும் நிற்கிறது. பிள்ளை எந்த வழியில் பெயர் எடுக்க வேண்டும் என்பதை அப்பா அம்மாதான் சொல்லித் தர வேண்டும்.

"ஒரே ஒரு தடவை தொட்டால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நிறையக் கெடும்! சித்தன்னவாசல் ஓவியம் துணியில் எழுதியது அல்ல. பாறைமேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வண்ணம். கரியும் காவியும் சுண்ணாம்பும் போன்ற பொருள்களால் ஆன வண்ணம். கையில் வியர்வை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. ஒருவர் தொட்டால் தெரியாது. ஆயிரம் பேர் தொட்டால் வண்ணம் போகும். பத்தாயிரம் பேர் தொட்டால் பூச்சே உதிரும்.

அந்தக் கூரையின் உயரம் எட்டரை அடிதான். உயரமான ஆள் கையைத் தூக்கினால் குளத்தில் கை படும்!

இப்போதே நிறையப் போய்விட்டது. அரசனும் அரசியும் மங்கிவிட்டார்கள். ஆடும் பெண்கள் அரைகுறையாகத் தெரிகிறார்கள். குளத்திலும் பல இடங்களில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. வெயிலும் மழையும் புகையும் செய்த வேலை கொஞ்சம். மனிதன் செய்த வேலை கொஞ்சம். மிஞ்சி இருப்பது கொஞ்சம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள்ளும் சோழர் காலத்து ஓவியம் உண்டு. கருவறையைச் சுற்றிய இருட்டு வழியில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் அது மறைந்து கிடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி 1931-ஆம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார். ஆனால், பொதுமக்கள் சாதாரணமாக அதன் அருகே போக முடியாது. பாதுகாப்புக்காகவே அந்தக் கட்டுப்பாடு.

ஆகவே, குழந்தைகள் கிட்டே நின்று அண்ணாந்து பார்க்கக்கூடிய பழந்தமிழ் ஓவியம் அரிது. சித்தன்னவாசல் அப்படிப்பட்ட இடம். அதுவும் ஒரு நாள் மூடப்படலாம்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பிரான்ஸ் நாட்டில் லாஸ்கோ என்னும் குகை இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மாடு, குதிரை ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. 1940-ஆம் ஆண்டில் சில சிறுவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் குவிந்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே போனார்கள்.

என்ன ஆயிற்று? அவர்கள் தொடக்கூட இல்லை. விட்ட மூச்சே போதுமாயிற்று! குகைக்குள் ஈரமும் வெப்பமும் ஏறின. சுவரில் பாசி பிடித்தது. 1963-ஆம் ஆண்டில் குகையை இழுத்து மூடிவிட்டார்கள். 1983-இல் பக்கத்தில் அதே போல் ஒரு போலிக் குகையைச் செய்து திறந்தார்கள். இன்றைக்குப் போகிறவர்கள் போலியைத்தான் பார்க்கிறார்கள்.

சித்தன்னவாசலுக்கு அந்த நிலை வரக் கூடாது.

சிறு பிள்ளைக்கு என்ன தெரியும்?

"விவரம் தெரியாத வயதில் அழைத்துப் போய் என்ன பயன்? பெரியவன் ஆனதும் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சில பெற்றோர் சொல்வார்கள். "சின்னப் பிள்ளைகள் வந்தால்தான் பாழாகும்" என்று இன்னும் சிலர் சொல்வார்கள்.

இரண்டும் சரியல்ல.

ஸ்பெயின் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1879-ஆம் ஆண்டு. சாவுத்துவோலா என்பவர் அல்தமிரா என்னும் குகைக்குள் பழைய எலும்பும் கல் கருவியும் தேடிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராமல் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடவே போயிருந்த அவர் மகள் மரியாவுக்கு வயது எட்டு. அவள் மேலே பார்த்தாள். கூரை முழுவதும் காட்டெருதுகள்! வண்ணத்தில் தீட்டிய காட்டெருதுகள்!

படித்த மேதைகள் நம்பவில்லை. "காட்டு மனிதனாவது, ஓவியம் எழுதுவதாவது! இது மோசடி" என்றார்கள். அவமானத்தோடு 1888-இல் சாவுத்துவோலா இறந்தார். மிகக் கடுமையாக எதிர்த்த பிரெஞ்சு அறிஞர் ஒருவர், 1902-ஆம் ஆண்டில்தான், தாம் நினைத்தது தவறு என்று எழுதினார். எட்டு வயதுச் சிறுமி ஒரு கணத்தில் கண்டதை, மேதைகள் ஒப்புக்கொள்ள 23 ஆண்டு ஆயிற்று!

பெரியவர்கள் காலடியைப் பார்த்து நடப்பார்கள். பிள்ளைகள்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆகவே, சிறு வயதில்தான் அழைத்துப் போக வேண்டும்.

தொடாதே என்ற பாடமும் சிறு வயதில்தான் படியும். அடுப்பைத் தொடாதே என்று சொன்னால் இரண்டு வயதுக் குழந்தை கேட்கிறது. கொலு பொம்மையைத் தொடாதே என்றால் கேட்கிறது. ஓவியத்தைத் தொடாதே என்றாலும் கேட்கும். சுவரில் பெயர் கிறுக்குவது யார்? பெரும்பாலும் வளர்ந்த ஆட்கள்தான். எட்டு வயதில் யாரும் சொல்லித் தராததால், பதினெட்டு வயதில் கிறுக்குகிறார்கள்.

"எல்லோரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். யார் கையை அவிழ்க்காமல் அதிக மீன்களைக் கண்டுபிடிக்கிறார் பார்க்கலாம்!" இப்படி விளையாட்டாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் கை தானாகக் கட்டுப்படும். கண் தானாகத் திறக்கும்.

எப்படிப் போவது?

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் போவது நல்லது. வயலில் வேலை குறைவு. வெயிலும் கடுமையாக இராது. சித்திரை, வைகாசியில் வேண்டாம். மொட்டைப் பாறை அடுப்பாகக் காயும். பிஞ்சுக் கால் தாங்காது. பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா. அம்மனைத் தரிசிக்கப் போவது வேறு. அமைதியாக மலையைப் பார்க்கப் போவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காலை வெயில் ஏறுமுன் மலை ஏறிவிட வேண்டும். தண்ணீர் நிறையக் கொண்டுபோக வேண்டும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டால் போதும். அடிவாரத்து மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். குகைக்குள் சாப்பிடக் கூடாது. கற்பூரம், விளக்கு எதுவும் ஏற்றக் கூடாது. புகை ஓவியத்துக்குப் பகை! பையில் கொண்டுபோன காகிதமும் பிளாஸ்டிக்கும் அதே பையில் வீடு திரும்ப வேண்டும். பாறையில் சுனைகள் உண்டு. பிள்ளையின் கையை விடக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு குளம், ஒரு மலை, ஒரு கதை போதும். களைத்துப் போன குழந்தைக்குத் தாஜ்மகாலைக் காட்டினாலும் அழத்தான் செய்யும்!

பாட்டியையும் தாத்தாவையும் அடிவாரம் வரையிலாவது அழைத்துப் போக வேண்டும். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிய கதையை அவர்கள் சொல்வது போல் யாராலும் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடச் சுற்றுலாவும் இப்படித்தான் நடக்க வேண்டும். 200 பிள்ளைகளை மூன்று பஸ்ஸில் ஏற்றிவந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவது சுற்றுலா அல்ல. ஆட்டு மந்தை ஓட்டுவது! ஏழரை அடி அகல மண்டபத்தில் பத்துப் பேர் நிற்கலாம். ஐம்பது பேர் நுழைந்தால் முதுகு தூணில் உரசும். பை சுவரில் உரசும். பத்துப் பத்துப் பேராக உள்ளே போகட்டும். மற்றவர்கள் வெளியே உட்கார்ந்து, பார்த்ததைச் சிலேட்டிலோ தாளிலோ வரையட்டும். ஆசிரியர் முன்னாலேயே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

யாருடைய பொறுப்பு?

சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் மத்திய அரசின் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பழங்காலச் சின்னங்களைக் காக்க 1958-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2010-ஆம் ஆண்டில் அதைக் கடுமையாக்கினார்கள். சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டின் பழம்பெருமையைப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று, 1976-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்திலும் சேர்த்தார்கள்.

சட்டம் வேண்டும்தான். ஆனால், ஒவ்வொரு தூணுக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா?

அரசாங்கம் செய்ய வேண்டியது இருக்கிறது. சரித்திர இடம் எதுவானாலும் குடிதண்ணீர், நிழல், பெண்களும் குழந்தைகளும் தயங்காமல் போகக்கூடிய கழிப்பிடம் மூன்றும் வேண்டும். அறிவிப்புப் பலகை எளிய தமிழில் இருக்க வேண்டும். "மீறுவோர் தண்டிக்கப்படுவர்" என்று மட்டும் எழுதினால் போதாது. "இந்த ஓவியத்துக்கு 1,100 வயது, தொட்டால் உதிரும்" என்று காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் தெரிந்தால் மக்கள் கேட்பார்கள். அந்தந்த ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கதை சொல்லிக் காட்டும் வேலை கொடுக்க வேண்டும். ஊருக்குச் சோறு போடும் கோயிலை ஊரே காக்கும்.

மீதிப் பொறுப்பு வீட்டில் இருக்கிறது.

மதுரையிலிருந்து வந்த இளங்கௌதமன் என்னும் ஆசிரியர், சித்தன்னவாசல் குகைக் கோயிலைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அது 9-ஆம் நூற்றாண்டு. சீமாறன் சீவல்லபன் என்னும் பாண்டியன் ஆண்ட காலம். மழை இடித்த கோயிலை மல்லன் விடுமன் எடுத்துக் கட்டினான். அப்பாவின் கோயிலுக்குச் சிறிய நங்கை மண்டபம் சேர்த்தாள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் இந்தச் செல்வம் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றைக்கு யாரும் கோயிலை எடுத்துக் கட்ட வேண்டாம். மண்டபம் சேர்க்க வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்! அதுவே பெரிய திருப்பணி.

அடுத்த அறுவடை முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். மலை தெரியாத பிள்ளை மலையைப் பார்க்கட்டும். கூரையில் இருக்கும் குளத்தை அண்ணாந்து பார்க்கட்டும். மீனை எண்ணட்டும். எருமையைக் கண்டு சிரிக்கட்டும்.

நாளைக்கு அந்தப் பிள்ளையும் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும். அப்போதும் குளத்தில் மீன் இருக்க வேண்டும்!